தலை தட்டும் சத்தம்

ஸ்பீக்கருக்குள் கருகிய கம்பிச்சுருளுக்கு, அதாவது காயிலுக்கென்று ஒரு வாசனை உண்டு. வார்னிஷும் பசையும் காகிதமும் சேர்ந்து வெந்த வாசனை. யாராவது ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே என் மூக்கு எனக்கு விஷயத்தைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் கட்டுக்கதை. சும்மாத்தான் வைத்திருந்தேன், தானாகப் போய்விட்டது என்பார்கள். இந்தத் தொழிலுக்கு வந்து தலை நரைத்துவிட்டது. தானாகப் போன ஸ்பீக்கரை இன்னும் நான் பார்க்கவில்லை.

இசைக்குழுக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கொறை'. கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சத்தத்தைக் கொறை, கெயினைக் கொறை என்று எரிந்து விழுவதால் வந்தது. முதன்முதலில் அப்படிக் கூப்பிட்டவர் என் அண்ணன். பேஸ் கிட்டார் வாசிப்பவர். பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயரே மறந்து போனதற்கு அவர்தான் காரணம்.

அன்று காலை அந்த வாசனையோடு கடைக்கு வந்தவர் அண்ணி. அண்ணனுடைய பேஸ் பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய ஸ்பீக்கரைப் பழைய போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். போன மாதம்தான் அதற்குப் புதுக் காயில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதற்கு முந்தைய மாதமும் போட்டேன். போர்வையைப் பிரித்து, முகப்பிலுள்ள காகிதக் கோனை விரல் நுனிகளால் மெல்ல அழுத்தினேன். உள்ளே மணலில் காலை இழுத்து நடப்பது போல் உரசியது.

கழற்றிப் பார்த்தேன். காயில் கறுத்து, சுற்றுகள் உப்பிப்போய், காந்த இடைவெளியில் சிக்கிக் கிடந்தது. கோனில் ஒரு கிழிசல் இல்லை, ஓரத்து ரப்பரில் ஒரு விரிசல் இல்லை. அளவுக்கு மீறி ஆடிச் செத்த ஸ்பீக்கர் கிழிந்துதான் சாகும். இது வெந்து செத்தது. அப்படியென்றால் ஆம்ப்பை, அந்த ஆம்ப்ளிஃபயரை, யாரோ மணிக்கணக்கில் கிளிப்பிங்கில் ஓட்டியிருக்கிறார்கள்.

அண்ணியிடம் நான் கோபப்பட்டதே கிடையாது. அன்று பட்டேன். ஒவ்வொரு ஆம்ப்புக்கும் ஒரு கூரை இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஒலி அலை நிமிர்ந்து நடக்கும். ஒலியைப் பெருக்கும் கெயின் திருகை ஏற்றிக்கொண்டே போனால் அலையின் தலை கூரையில் தட்டும். கூரை உயராது, தலைதான் மழுங்கும், அதுதான் கிளிப்பிங். தலை மழுங்கிய அலை சத்தத்தைப் பெரிதாகக் கூட்டாது, சூட்டைத்தான் கூட்டும். ஆம்ப்பின் மேல் எழுதியிருப்பதற்கு இரண்டு மடங்கு வரை சக்தி காயிலுக்குள் போய் இறங்கும், காயிலுக்கு ஆற நேரம் இருக்காது. சின்ன ஆம்ப்தானே, இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரிய ஆம்ப்பைப் பாதி வைப்பவனை விட, சின்ன ஆம்ப்பை முழுசாகத் திருகுகிறவன்தான் எனக்கு அதிகம் சோறு போடுகிறான். முகப்பில் அந்தச் சிவப்பு விளக்கு எதற்காக வைத்திருக்கிறார்கள், அழகுக்கா என்று கேட்டு நிறுத்தினேன்.

அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருப்பவர். வலியோடு வந்து கத்துகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்ததால், என் தலை நரைத்த பிறகும் என்னை நீ என்றுதான் கூப்பிடுவார்.

"எல்லாம் புரியுது தம்பி. ஆனா குறைச்சு வச்சா அவர் பேசமாட்டேங்கிறார்," என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தேன்.

அண்ணன் இறந்தது போன மழைக்காலத்தில். அண்ணியை வேலையிலிருந்து கூட்டிவரக் காரில் போயிருக்கிறார். மருத்துவமனை வாசலில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி வெளியே வந்து பார்த்தபோது வண்டியின் பக்க விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்ததாம். தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனசில்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று மதியம் அவர் கிளம்புமுன் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடம் ஒரு லூப் பெடல் இருந்தது. காலால் மிதித்துவிட்டு வாசித்தால், வாசித்ததை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடும் பெட்டி. மின்சாரத்தைப் பிடுங்கினாலும் உள்ளே இருப்பது அழியாது. அவர் கடைசியாக வாசித்தது அதற்குள் இருக்கிறது. அதைத்தான் அண்ணி தினமும் போட்டுக் கேட்கிறார்.

ஸ்பீக்கரை அன்றே சரிசெய்துவிட்டு, மறுநாள் காலை நானே எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் கடைசி வீடு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவரோரம் வரிசையாகக் கட்டி வைத்திருந்த துணிப் பைகள். அண்ணியின் புடவைகள், ஸ்வெட்டர், செருப்பு. யாருக்கோ கொடுக்க எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியைக் கழுவித் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்திருந்தார். ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அண்ணனுடைய அறை அவர் விட்டுப்போனபடியே இருந்தது. சன்னல் சாத்தியிருந்தது. நாற்காலி, அதன் எதிரே தரையில் பெடல், சுவரை ஒட்டிப் பேஸ் பெட்டி, அதன் தலையில் அந்தச் சின்ன ஆம்ப். கிட்டாரை அண்ணன் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பெடலுக்குப் போகும் வயரைக் கூடப் பிடுங்கவில்லை. ஓர் ஓரமாக எடுத்து வைக்கலாமா என்றதற்கு, அவர் வைத்தது அங்கேயே இருக்கட்டும் என்றார் அண்ணி.

ஸ்பீக்கரை மாட்டி முடித்ததும் அண்ணி பெடலை மிதித்தார், உடனே இன்னொரு முறையும் மிதித்தார். ஆம்ப்பின் கெயினை நான் தடுப்பதற்குள் கடைசி வரைக்கும் திருகிவிட்டார். நான் ஆம்ப்பின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அண்ணனின் வாசிப்பு எழுந்தது. அவருடைய நடைதான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு அடியையும் ஓர் இமைப்பொழுது தாமதித்து வைப்பார். ஆனால் அது கலங்கிய தண்ணீருக்கு அடியில் கேட்பது போலிருந்தது. சிவப்பு விளக்கு அணையாமல் நின்றது. அலையின் தலை தட்டித் தட்டி, வாசிப்பு உறுமலாக மாறியது. பெட்டியின் மேல் சாய்ந்திருந்த கிட்டாரின் கம்பிகள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன.

அந்த உறுமலுக்குள் யாரோ பேசினார்கள்.

'வா' என்றது. தடித்த, மூச்சிரைத்த குரல். இரண்டு சுரங்களுக்கு நடுவே வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி, 'வந்துடு'. பட்டப்பகல், கீழே தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்.

"இவ்வளவு வைக்காதீங்க அண்ணி, மறுபடியும் வெந்துடும்," என்று கத்தினேன். அவர் பெடலைச் சேர்த்து இரண்டு முறை மிதித்து நிறுத்தினார். அவர் முகத்தில் பயமே இல்லை. யாரையோ வழியனுப்பப் போய், அப்படியே நாமும் ஏறிக்கொள்ளலாமே என்று முடிவு செய்துவிட்டவர் போல் இருந்தார்.

"கேட்டியா? முதல்ல ஒரு தடவைதான் கூப்பிட்டார். இப்ப நாளுக்கு நாள் அதிகமாகுது. அவரை இன்னும் எவ்வளவு நாள் காக்க வைக்கிறது தம்பி," என்றார்.

துணிப் பைகளும் கழுவித் துடைத்த குளிர்சாதனப் பெட்டியும் எதற்கென்று அப்போது எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிந்தது. தேநீர் போடுங்கள் அண்ணி, தலை வலிக்கிறது என்று சொல்லி அவரைச் சமையலறைக்கு அனுப்பினேன்.

தொழில் தெரிந்தவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. பயந்தாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். யோசித்தேன். கிளிப்பிங்கில் இன்னொன்றும் நடக்கும்: கூரையைத் தாண்டி உயர முடியாததால் பெரிய சத்தங்களெல்லாம் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும், அடியில் கிடந்த சின்னச் சத்தங்கள் மேலே வந்துவிடும். மெதுவாக வைத்தால் கேட்காத மூச்சும் முனகலும் அப்போதுதான் வெளியே தெரியும். ஆக, குரல் பேயோ பிசாசோ இல்லை, அந்த லூப்பில் அடியில் பதிந்திருக்கிறது. யார் குரல், எப்போது பதிந்தது என்பதுதான் கேள்வி.

நானே பெடலை ஒரு முறை மிதித்தேன். பச்சை விளக்கு எரிந்தது. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மௌனம். அண்ணன் மிதித்துவிட்டு விரலைக் கம்பிக்குக் கொண்டுபோன நேரம் அது. பிறகு வாசிப்பு. வா, வந்துடு. அதற்குப் பின்னால், தெளிவாக, கனத்த ஆண் குரலில் அண்ணன் என்னை அதட்டுவது போல் வந்தது: 'இவ்வளவு வைக்காதீங்க அண்ணி, மறுபடியும் வெந்துடும்.'

நான் சுவரோடு சாய்ந்துவிட்டேன். அது என் சொந்தக் குரல் என்று உறைக்க எனக்கு நேரமாயிற்று. உயர்ந்த ஒலிகளையெல்லாம் விழுங்கிவிடும் பேஸ் ஸ்பீக்கர் அது. அதில் யார் பேசினாலும் தொண்டை கட்டிய ஆம்பிளை பேசுவது போலத்தான் இருக்கும்.

அண்ணி மிதித்தபோது பெடலில் சிவப்பு எரிந்தது நினைவுக்கு வந்தது. அந்த ரகப் பெடலை ஒரு முறை மிதித்தால் ஓடும். ஓடும்போது மறுபடி மிதித்தால், ஓடுவதன் மேலேயே இன்னொரு அடுக்குப் பதியத் தொடங்கும். அண்ணிக்குத் தொடக்கத்து மௌனம் புரியவில்லை. முதல் மிதி பிடிக்கவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னொன்று மிதித்திருக்கிறார். கிட்டாரோ வயரோடு அங்கேயே சாய்ந்து நிற்கிறது. அதன் பிக்கப், கம்பிகளின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள், மிகப் பழையது. உள்ளே மெழுகு காய்ந்து கம்பிச்சுற்று தளர்ந்துவிட்டால், அது பக்கத்தில் நின்று பேசுவதைக் கூடப் பிடித்துவிடும். அண்ணி தினமும் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தனியாக இருக்கையில் பேசும் உரிமையோடு, அண்ணனை வா, வந்துடு என்று கெஞ்சியிருக்கிறார். கெஞ்சியது அவருக்கே திரும்பி வந்திருக்கிறது. அடுக்கு ஏற ஏறச் சத்தமும் ஏறி, கிளிப்பிங்கும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அண்ணனின் கடைசி வாசிப்பு அதற்கு அடியில் புதைந்துகொண்டிருந்தது.

தேநீரோடு வந்த அண்ணியிடம், அது உங்கள் குரல்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பிக்கப், மெழுகு, அடுக்கு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவரோடு இத்தனை வருடம் குடித்தனம் பண்ணினவளுக்கு அவர் குரல் தெரியாதா என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். வயருக்கும் காயிலுக்கும் புரியும் பாஷைதான் எனக்கு வரும். மனுஷர்களிடம் எதைச் சொன்னாலும் அதட்டலாகத்தான் வெளியே வருகிறது.

அதனால் வேறு வழியில் போனேன். ஆம்ப்புக்கு ஃபியூஸ் மாற்ற வேண்டும், முக்குக் கடையில் வாங்கி வாருங்கள் என்று அண்ணியைக் கீழே அனுப்பினேன். அறைக் கதவைச் சாத்தினேன். ஆம்ப்பின் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்தேன், என் திருட்டுத்தனம் படியில் கேட்டுவிடக்கூடாது என்று. பெடலை ஒரு முறை மிதித்து ஓடவிட்டு, மறுமுறை மிதித்தேன். சிவப்பு. மண்டியிட்டு, கிட்டாரின் பிக்கப்புக்கு ஒரு சாண் தள்ளி வாயை வைத்து, அண்ணன் பேசுவது போல அடித்தொண்டையில் சொன்னேன்: "வராதே. நீ அங்கேயே இரு."

செத்தவன் வாயில் வார்த்தையைத் திணிக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் பெடலைச் சேர்த்து மிதித்து நிறுத்தினேன். கிட்டாரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். இனி எதுவும் உள்ளே போக முடியாது. போட்டுக் கேட்டுப் பார்க்க நேரமில்லை.

அண்ணி வந்ததும் கண்டிப்பான மெக்கானிக்கைப் போலப் பேசினேன். பெடலை ஒரே ஒரு முறைதான் மிதிக்க வேண்டும், மிதித்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும், தானாக வரும். ஆம்ப்பில் முதலில் கெயினை ஏற்றி, சிவப்பு மின்னத் தொடங்கும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து நன்றாகக் கீழே இறக்கி வைத்தேன். அடியில் லேசாகக் கரகரப்பு கேட்டால் விளக்கு எரியாவிட்டாலும் குறைத்துவிட வேண்டும் என்றேன்.

"குறைச்சா பேசமாட்டாரே," என்றார்.

"பேசுவார் அண்ணி. போட்டுப் பாருங்க," என்றேன்.

அந்த அறையில் நிற்க எனக்குத் தைரியமில்லை. சமையலறையில் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாசிப்பு தொடங்கியது. உறுமல் இல்லாமல், சுத்தமாக. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று. வார்த்தைகள் எனக்கு எட்டவில்லை. திடீரென்று நின்றது. வெகுநேரம் அண்ணி வரவில்லை.

வந்தவர் முகம் நனைந்திருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வராதேன்னு சொன்னது நீதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டட்டும், வீட்டை விட்டுத் துரத்தட்டும், அந்தப் பைகளைப் பிரித்து மறுபடி அலமாரியில் வைத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. சின்ன வயதில் நான் பொய் சொல்லும்போதும் இதே மாதிரித்தான் குரலைக் கனமாக்கிக்கொள்வேனாம். அப்போதெல்லாம் அண்ணன் என்ன செய்வார், நினைவிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மூக்கால் ஒரு காற்று விட்டுவிட்டு, பிறகு தொண்டைக்குள்ளேயே சிரிப்பார். அப்படிச் சிரித்தால் பொய் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அடி விழாது. அந்தச் சிரிப்பு ஒன்றே போதும், நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவேன்.

"நீ சொல்லி முடிச்சதும் அவர் அப்படிச் சிரிச்சார்," என்றார் அண்ணி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போனார். என் குரல் அப்படிக் கேட்குமென்றால், அந்த 'வா'வும் அண்ணியுடையதாகத்தான் இருக்கும் என்று அவருக்கே புரிந்துவிட்டது. கூப்பிட்டது அண்ணன் இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை. உட்கார்ந்து வாசித்தார், எதற்கோ சிரித்தார், கிளம்பிப் போய்விட்டார், அவ்வளவுதான். சிரித்தவரைப் போய் நான் இத்தனை நாளாக அழுகிறவராக ஆக்கி வைத்திருந்தேனே என்றார். பிறகு எழுந்து, ஆறிப்போன தேநீரைச் சூடுபண்ண அடுப்பைப் பற்றவைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சிரிப்பு வாசிக்கும்போதே பதிஞ்சதுதானே தம்பி? பழசுதானே? பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொல்கிறேன் என்று அறைக்குப் போனேன். எனக்கும் அது பழசாகத்தான் இருக்க வேண்டும். லூப்பை ஓடவிட்டேன். வாசிப்பு, அடியில் அண்ணியின் குரல், முன்பு நான் கத்தியது, பிறகு என் 'வராதே. நீ அங்கேயே இரு'. அதற்குப் பின்னால் மூக்கால் ஒரு காற்று. தொண்டைக்குள் சிரிப்பு.

கேட்டதும் முதலில் வந்தது பயம் இல்லை. அண்ணா என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். அவர் போனதிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்க நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அந்த நொடி வரைக்கும் எனக்கே தெரியாது. அடுத்த சுற்றில்தான் என் தொழில் காது விழித்தது. அந்தச் சிரிப்பு அடியில் இல்லை. கிளிப்பிங்கில் ஏறி வந்த முனகலும் இல்லை. சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது, எல்லாம் சுத்தமாக ஓடுகிறது, அதில் என் குரல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு கிட்டத்தில் சிரிப்பும் இருந்தது. பிக்கப்பிலிருந்து ஒரு சாண். என் வாய் இருந்த இடம்.

அந்தப் பெடலுக்கு இன்னொரு வசதி உண்டு. மிதித்த காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் கடைசி அடுக்கு மட்டும் கழன்றுகொள்ளும். மறுபடி அழுத்திப் பிடித்தால் திரும்ப வந்து சேரும். கடைசி அடுக்கு என்னுடையது. அதைக் கழற்றினால் என் 'வராதே' போகும். சிரிப்பு அண்ணன் வாசித்தபோது பதிந்தது என்றால் அது போகக்கூடாது.

அழுத்திப் பிடித்தேன். சுற்று திரும்பி வந்தது. வாசிப்பு. அண்ணியின் வா. முன்பு நான் கத்தியது. 'வராதே' இல்லை. சிரிப்பும் இல்லை. அந்த இடத்தில் வெறும் பேஸ் மட்டும் நடந்து போனது.

திரும்ப அழுத்திப் பிடித்தேன். வராதே, நீ அங்கேயே இரு. மூக்கால் ஒரு காற்று. சிரிப்பு.

நான் மண்டியிட்டுப் பொய் சொன்ன அந்த நேரத்தில் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆம்ப் பூச்சியத்தில் இருந்தது, ஸ்பீக்கரிலிருந்து எதுவும் வெளியே வந்திருக்க வழியில்லை. சன்னல் திறக்கவில்லை. அண்ணி கீழே இருந்தார். நான் சிரிக்கவில்லை. இவற்றையெல்லாம் மறுபடி மறுபடி மனசுக்குள் சரிபார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே கணக்குத்தான் வந்தது. பெடலைச் சேர்த்து மிதித்து நிறுத்தினேன். அறை அமைதியானது. என் பிடரிக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் ஆள் இருப்பது எனக்கு எப்படியோ தெரிந்துகொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன தம்பி, பார்த்தியா?" சமையலறையிலிருந்து அண்ணியின் குரல்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் இங்கேதான் இருக்கிறார் அண்ணி என்று சொன்னால், அந்தப் பைகள் பிரிக்கப்படாது. அண்ணி இந்த அறையை விட்டு வெளியே வரமாட்டார். சற்று முன் நான் இட்டுக்கட்டிச் சொன்னது அவரைக் காப்பாற்றியது. இப்போது கையில் நிஜம் கிடைத்திருக்கிறது, அதை விழுங்கித் தொலைக்க வேண்டியிருக்கிறது. கூடத்துக்கு வந்தேன். குரலைக் கனமாக்கிக்கொள்ளாமல், சாதாரணமாகச் சொல்ல முயற்சி செய்தேன்.

"பழசுதான் அண்ணி. வாசிக்கும்போது எதுக்கோ சிரிச்சிருக்கார். அடியில கிடந்திருக்கு, நமக்கு இப்பத்தான் கேட்டுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும் ஆள்தான். ஆனால் அன்று அவருக்கும் அது பழசாக இருக்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. சரி என்று தலையாட்டினார். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கை எடுத்து மாட்டினார். மருத்துவமனைக்குப் போன் போட்டு, நாளைக்கு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், லேசாகச் சிரித்தார். ஒரு பையைப் பிரித்து ஸ்வெட்டரை எடுத்து உதறினார்.

நான் கருவிகளை எடுக்க அறைக்குள் போக வேண்டியிருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டேன். அந்த அறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், அண்ணன் வாசிப்பில் மூழ்கி நிமிராமல் இருந்தாலும், போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். அது எங்களுக்குள் இருந்த பழக்கம். யாரையாவது இந்த உலகத்தில் நான் நேசித்தேன் என்றால் அது அவரைத்தான்.

வாசலில் நின்று, அண்ணிக்குக் கேட்காதபடி, "போறேன்" என்று மட்டும் சொன்னேன். பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்தினேன்.